காக்கா கொண்டுவந்த கச்சேரி

1984ஆம் ஆண்டுக் கோடை விடுமுறை. ஒரு நாள் பிற்பகல், அடுக்களையில் இருந்த உம்மா, "மழை வருது! மாடியிலே துணி கிடக்குது, ஓடிப்போய் எடுங்க!" என்று குரல் கொடுத்தார்கள். நானும் ராத்தாவும் படிகளைத் தாவிக் கடந்து மாடிக்கு ஓடினோம். வானம் கழுவித் துடைத்த பீங்கான்போல் வெளுத்துக் கிடந்தது. மேகத்தின் சுவடே இல்லை. கொடியில் கிடந்த துணிகள் காய்ந்து மொடமொடத்தன. இறங்கி வந்து பார்த்தால், கூடத்தில் காக்கா வயிறு குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். மழை பெய்தது அவர்கள் அருகிலிருந்த டேப் ரிக்கார்டருக்குள்!

அது மழையன்று, கைதட்டல். 1981 அக்டோபரில் சீன நாட்டின் பெய்ஜிங், ஷாங்காய் நகரங்களில் கூடியிருந்த மக்கள் எழுப்பிய கைதட்டல். அது இசைத்தட்டாகி, ஒலிநாடாவாகி, அரபு நாட்டுக் கடைத்தெரு ஒன்றில் படியெடுக்கப்பெற்று, கடல் கடந்து வந்து, எங்கள் உம்மாவைத் துணிக்காகப் பதறவைத்தது.

இம்மலருக்குக் கட்டுரை கேட்டு வந்த மாணவச் செல்வங்கள், நான் சீறாவைப் பற்றியோ சிலம்பைப் பற்றியோ எழுதித் தருவேன் என்று எண்ணியிருப்பர். அவற்றைப் பற்றி வகுப்பறையில் பேசியே முப்பதாண்டுகள் கழிந்துவிட்டன. இம்முறை என் காக்காவைப் பற்றியும், அவர்கள் வழியாக எனக்கு அறிமுகமான பிரெஞ்சு நாட்டு மின்னிசைக் கலைஞர் ஒருவரின் மேடைப் பதிவுகளைப் பற்றியும் எழுதத் துணிந்தேன். (எங்கள் ஊர்ப்பக்கம் மூத்த உடன்பிறந்தாரைக் 'காக்கா' என்றழைப்பது மரபு. வெளியூர் மாணவர்கள் பறவையை நினைத்து நகைக்க வேண்டா.)

காக்கா 1979இல், தம்முடைய 21ஆம் வயதில், சவூதியின் தம்மாம் நகருக்குப் பணிக்குச் சென்றார்கள். பெரிய கட்டடங்களைக் குளிரூட்டும் பொறிகளைப் பராமரிக்கும் வேலை. 1984இல் இரண்டாம் முறையாக விடுப்பில் வந்தபோது அவர்கள் கொண்டுவந்த பொருள்களின் பட்டியல் இன்றும் எனக்கு மனப்பாடம். ஒரு நேஷனல் பானசோனிக் டூ-இன்-ஒன், உம்மாவுக்கும் ராத்தாவுக்கும் சேலைகள், கோடாலித் தைலம், டாங் பொடி, பிறகு அட்டைப்பெட்டி ஒன்று நிறையக் கேசட்டுகள். அவற்றுள் ஒன்றின் மேல் பச்சை மையால் ஆங்கிலத்தில் 'சீனக் கச்சேரி' எனப் பொருள்படும் சொற்கள் கையால் எழுதப்பட்டிருந்தன.

வாப்பாவுக்குத் திரைப்பாட்டு ஒவ்வாது. நாகூர் ஹனீபா அவர்களின் குரல் ஒன்றுக்கே எங்கள் வீட்டில் தடையற்ற நுழைவு இருந்தது. அன்று மாலை கடையிலிருந்து திரும்பிய வாப்பா, செருப்பைக் கழற்றியவாறே, "யாருப்பா பாடுறது?" என்று கேட்டார்கள்.

"யாரும் பாடலை வாப்பா. மிஷின் வாசிக்குது" என்றார்கள் காக்கா.

வாப்பா சற்று நேரம் நின்று கேட்டார்கள். பிறகு, "பாடாத பாட்டுக்கு எதுக்கு இத்தனை பேர் கை தட்டுறான்?" என்று சொல்லிவிட்டுக் கைகால் கழுவச் சென்றுவிட்டார்கள்.

அந்த வினாவுக்கு விடை சொல்ல அன்று எங்கள் இருவராலும் இயலவில்லை.

அந்தக் கலைஞரின் பெயர் ழான் மிஷேல் ழார். 1948இல் பிரான்சின் லியோன் நகரில் பிறந்தவர். தந்தையார் மொரிஸ் ழாரும் இசையமைப்பாளரே. 'லாரன்ஸ் ஆஃப் அரேபியா' (1962) படத்தின் இசைக்காக ஆஸ்கர் பெற்றவர். இஸ்லாத்தின் தொடக்க வரலாற்றைக் கூறும் 'தி மெசேஜ்' (1976) படத்துக்கும் இசையமைத்தவர் அவரே என்பது நம் பெரியவர்கள் சிலருக்கு வியப்பளிக்கலாம். மகனுக்கு ஐந்து வயதாகும்போது தந்தை குடும்பத்தைப் பிரிந்து சென்றார். பின்னர் அமெரிக்காவில் வாழ்ந்தார். பையனை வளர்த்தவர் தாயார் பிரான்ஸ் பெழோ. இரண்டாம் உலகப் போரில் நாசிகளை எதிர்த்த மறைமுகப் படையில் பணியாற்றிய வீரப் பெண்மணி அவர். கடல்கடந்த தந்தையரும், தனித்துக் குடும்பம் காக்கும் தாயரும் நம் ஊர்களுக்குப் புதியவரல்லர்!

பாரிசில் பியேர் ஷெஃபர் என்னும் அறிஞரின் ஒலி ஆய்வுக் குழுவில் ழார் பயின்றார். இரயில் ஓடும் ஓசையை இசைத்தட்டில் பதிந்து, திரும்பத் திரும்ப ஒலிக்கவைத்து, அதனையே இசையாக்கலாம் என்று 1948இலேயே செய்துகாட்டியவர் ஷெஃபர். அந்தப் பள்ளியில் படித்த ழார், தம் வீட்டில் அமைத்துக்கொண்ட சிறு பதிவறையில் எட்டுத் தடப் பதிவுக் கருவி ஒன்றையும் சில சிந்தசைசர்களையும் ஒரு மின் ஆர்கனையும் வைத்துக்கொண்டு தனியொருவராய் உருவாக்கிய படைப்பே 1976இல் வெளிவந்த 'ஒக்சிழேன்'. ஆக்சிஜன் என்பதற்கான பிரெஞ்சுச் சொல். பாடல் வரி ஒன்றுகூட இல்லாத அத்தட்டு, கோடிக்கும் மேற்பட்ட படிகள் விற்றதாகக் கணக்கிடுவர்.

தனியறையில், தனியாள், தடம் மேல் தடமாகப் படிய வைத்து உருவாக்கிய இசை அது. அதனை மக்கள் முன் எவ்வாறு வாசிப்பது? பாணன் யாழைத் தோளில் சுமந்து சென்றான். நாகசுரக்காரர் கருவியைக் கையிடுக்கில் எடுத்துச் சென்றார். இவருடைய கருவிகளோ அலமாரி அலமாரியாக நின்றன. அக்காலத்துச் சிந்தசைசர்கள் பலவற்றுக்கு நினைவாற்றல் கிடையாது. ஓர் ஒலியை உண்டாக்கக் குமிழ்களைத் திருகி, இணைப்புகளைச் செருகி முடித்தபின், அடுத்த ஒலிக்கு மீண்டும் முதலிலிருந்து தொடங்குதல் வேண்டும். போதாக்குறைக்கு அறையின் வெப்பம் ஏறினால் சுருதி நழுவும். குழந்தையைத் தூங்கவைப்பது போலப் பக்குவமாகக் கையாள வேண்டிய பொறிகள் அவை. இருந்தும் 1979 ஜூலை 14 அன்று பாரிசின் கொங்கோர்த் சதுக்கத்தில் அவர் வாசித்தபோது பத்து இலட்சம் பேர் திரண்டனர். கின்னஸ் ஏட்டில் அக்கூட்டம் இடம்பெற்றது.

ஈராண்டு கழித்துச் சீனப் பயணம். மாவோ 1976இல் மறைந்தபின், அந்நாடு மேலைநாட்டுப் பாப் கலைஞருக்குக் கதவு திறந்தது அதுவே முதன்முறை எனலாம். பெய்ஜிங்கில் இரண்டு, ஷாங்காயில் மூன்று, ஆக ஐந்து நிகழ்ச்சிகள். ழாருடன் மூன்று இசைஞர்கள் சென்றனர். மேடையில் விசிறிபோல் விரிந்த ஒளிக்கற்றைகள் எழும்பும். பாதுகாப்புக் கையுறை அணிந்த கையால் ஒரு கற்றையை மறித்தால் ஒரு சுரம் பிறக்கும். நரம்பில்லாத அந்த யாழுக்கு 'லேசர் ஹார்ப்' என்று பெயர். சீன இசைக் கல்லூரியின் மரபு இசைக்கருவிக் குழுவினரும் ஒரு பாட்டில் இணைந்தனர். மாலையில் மீன்பிடிப் படகுகள் கரை திரும்புவதைச் சித்திரிக்கும் பழஞ்சீனப் பண் ஒன்றை ழார் தம் பொறிகளுக்கும் அவர்தம் நரம்புக் கருவிகளுக்கும் பொதுவாக அமைத்திருந்தார். கடற்கரை ஊர்க்காரனாகிய எனக்கு அந்தப் பாட்டின் பொருள் எவரும் சொல்லாமலே விளங்கிற்று என்றால் மிகையாகத் தோன்றலாம். பெயரை அறியுமுன்பே அதனை 'வள்ளப் பாட்டு' என்றுதான் நானும் ராத்தாவும் குறிப்பிட்டுவந்தோம்.

1982இல் இரட்டைத் தட்டாக வெளிவந்த அந்தப் பதிவை ழாரின் மேடைப் பதிவுகளில் தலையாயது என்று போற்றும் ரசிகர் பலர். நான் அவர்கள் பக்கம். அதில் என்னைக் கவர்ந்தது பாட்டுகளைவிடப் பாட்டுகளின் இடைவெளிதான். ஒரு பாட்டு முடியும். அரங்கம் ஒரு நொடி தயங்கும். இதற்குக் கை தட்டலாமா, முடிந்ததா, இன்னும் இருக்கிறதா என்று ஆயிரக்கணக்கானோர் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கும் நொடி அது என்று நான் கற்பனை செய்துகொள்வேன். பிறகு மழை பிடித்துக்கொள்ளும்.

இனி, என் வாழ்வில் நான் பெருமைப்பட இயலாத ஒரு செய்திக்கு வருகின்றேன்.

1988இல் நான் கல்லூரி மாணவன். விடுதியில் என் அறைத்தோழன் ஒருவன் மேலையிசையில் நல்ல தேர்ச்சியுடையவன். ஆங்கில ஏடுகள் படிப்பவன். 'சீனக் கச்சேரி'யை ஓடவிட்டபோது அவன் ஏளனமாகச் சிரித்தான். "இதை மேடைப் பதிவென்றா நம்புகிறாய்? கடைசிப் பாட்டு சீனத்திலிருந்து திரும்பியபின் பதிவறையில் செய்தது. அதில் தாளமாகக் கேட்பது நிழற்படக் கருவியின் சொடுக்கொலி. மற்றவற்றிலும் எத்தனை இடங்களில் திருத்தியிருக்கிறாரோ! அதுவும் போகட்டும், பாதி இசையைப் பொறி தானே வாசிக்கும்போது, மேடையில் மனிதனுக்கு என்ன வேலை? ஆறிய தோசையைச் சூடுகாட்டி, இப்போதுதான் வார்த்தது என்று பரிமாறுகிறார்கள்" என்றான்.

அவன் கூற்றில் உண்மையில்லாமல் இல்லை. 'சீன நினைவு' எனப் பொருள்படும் அந்த இறுதிப் பாட்டு பதிவறையில் உருவானதே. மின்னிசை மேடையில் முன்னரே பதிந்த தடங்கள் பின்னணியில் ஓடுவது உண்டென்பதும் அறிந்த செய்தியே. ஆயினும் நான் செய்தது என்ன? அன்றிரவே காக்காவுக்கு நான்கு பக்கக் கடிதம் ஒன்று எழுதினேன். தோசை உவமையை என் உவமையாகவே சேர்த்துக்கொண்டேன். நீங்கள் பல ஆண்டுகளாகப் போற்றும் பொருள் போலி என்று, கல்லூரிப் படிப்பில்லாத என் தமையனுக்கு, அவர்கள் அனுப்பிய பணத்தில் படித்துக்கொண்டிருந்த நான் பாடம் நடத்தினேன்.

மூன்று மாதம் கழித்து மறுமொழி வந்தது. அக்காலத்தில் அரபு நாடுகளிலிருந்து ஊர் திரும்புவோரிடம் பேச்சைப் பதிந்த கேசட்டைக் கொடுத்தனுப்பும் வழக்கம் இருந்தது. பேசும் கடிதம்! குடும்பமே சுற்றி அமர்ந்து கேட்கும். அப்படி வந்த நாடாவில், வீட்டுச் செய்திகளுக்கெல்லாம் பின்னர், எனக்கென்று காக்கா பேசினார்கள். பின்னால் ஏசி இரைந்தது. இரும்புக் கட்டில் கிறீச்சிட்டது. யாரோ இருமினார்கள், யாரோ எதற்கோ சிரித்தார்கள்.

"உன் கடுதாசி கெடைச்சுது தம்பி. அந்த மனுசர் திருத்தியிருந்தா திருத்திட்டுப் போறார். நான் அதை ஏன் போட்டுக் கேக்குறேன்னு உனக்குத் தெரியாது. இங்கே விடிஞ்சா அடைஞ்சா மிஷின் சத்தம். அதுக்கு யாரும் கை தட்டுறதில்லே. இதிலே மிஷின் சத்தம் முடிஞ்ச உடனே ஆளுக சத்தம் வருது பாரு, அதுக்குத்தான்."

அவ்வளவே. அடுத்த சொல்லிலேயே ராத்தாவின் திருமணச் செலவுக்குத் தாவிவிட்டார்கள்.

அதைக் கேட்டு நான் நாணினேன். மறுமொழி எழுதவில்லை. தேர்வு நெருங்கிவிட்டது என்று எனக்கு நானே சாக்குச் சொல்லிக்கொண்டேன். அதன்பின் அந்தப் பேச்சை நாங்கள் இருவரும் எடுக்கவேயில்லை. ஆனால் மேடைப் பதிவுகளைக் கேட்கும் என் காது அன்றோடு மாறிவிட்டது. இசைக்கு அப்பால் ஆள்களைத் தேடத் தொடங்கினேன்.

அவ்வாறு தேடியவனுக்கு மறக்க முடியாத பதிவு, 1987இல் வெளிவந்த ஹூஸ்டன், லியோன் நகர்களின் நிகழ்ச்சித் தொகுப்பு. அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலம் 150 ஆண்டு நிறைவைக் கொண்டாடிய 1986இல், ஹூஸ்டன் நகரின் வானளாவிகளையே திரைகளாக்கி ழார் இசை நிகழ்த்தத் திட்டமிட்டார். ரான் மக்நேர் என்னும் விண்வெளி வீரர் சாக்சபோன் வாசிப்பதில் வல்லவர்; 1984இல் விண்ணிலேயே வாசித்தவர். அவர் மீண்டும் விண்ணுக்குச் செல்கையில் அங்கிருந்தவாறே ழாருடைய பாட்டொன்றை வாசிப்பதாக ஏற்பாடு. அதற்கெனப் பயிற்சியும் செய்துவந்தார். 1986 ஜனவரி 28 அன்று சாலஞ்சர் ஓடம் புறப்பட்ட 73 நொடிகளில் சிதறியது. ஏழு பேரும் மாண்டனர். மக்நேருக்கு வயது 35.

நிகழ்ச்சியைக் கைவிடலாமா என்று ழார் தயங்கினார். நிறுத்த வேண்டா, அவர்கள் நினைவாக நடத்துங்கள் என்று விண்வெளி வீரர்களிடமிருந்தே ஊக்கம் வந்தது. ஏப்ரல் 5 அன்று 13 இலட்சம் பேர் கூடினர். நெடுஞ்சாலையில் சென்றவர்கள் வண்டிகளை நிறுத்தி இறங்கி நின்றனர். மக்நேருக்கென அமைத்த பாட்டைக் கர்க் வேலம் என்னும் கலைஞர் மேடையில் வாசித்தார். அதில் இதயம் துடிப்பதைப் போன்ற தாளம். அதன்மேல் அந்த ஒற்றைக் குழல். இந்தப் பாட்டைக் கேட்கும்போதெல்லாம் வாசிப்பவரை அன்று, வாசிக்க வராதவரையே நான் கேட்கிறேன். இதனை எந்தப் பதிவறையில் திருத்தியிருந்தாலும் எனக்குக் கவலையில்லை. என் அறைத்தோழன் இப்போது எங்கிருக்கிறானோ, அவனுக்கு இதைச் சொல்ல ஆசை. லியோன் பகுதி அதே ஆண்டு அக்டோபரில் அவர் பிறந்த ஊரிலேயே நிகழ்ந்தது. அதற்கு ஹூஸ்டனின் கனம் இல்லை என்பது என் கருத்து.

பிறவற்றை விரைந்து சொல்லிவிடலாம். 1988 அக்டோபரில் இலண்டன் துறைமுகப் பகுதியில், நீரில் மிதக்கும் மேடையில் இரண்டு இரவுகள் வாசித்தார். காற்றும் மழையும் படுத்திய பாடு கொஞ்சமன்று. அங்கே பெய்தது மெய்யான மழை! நனைந்துகொண்டே நின்றவர்களின் ஆரவாரம் 1989இல் வந்த தட்டில் கேட்கும். எங்கள் உம்மா கேட்டிருந்தால் இம்முறை சரியாகவே சொல்லியிருப்பார்கள். 1994இல் 'ஹாங்காங்' என்னும் பெயரில் வந்த தட்டோ ரசிகர்களின் மனத்தாங்கலுக்கு ஆளானது. அதன் பெரும்பகுதி முந்தைய ஆண்டு ஐரோப்பியச் சுற்றுப் பயணத்தில் பதிவானது. ஊர்ப் பெயர் ஒன்று, கைதட்டியவர் வேறு ஊரார்! பதிவறையில் சுரத்தைத் திருத்தினால் நான் பொறுப்பேன். கைதட்டியவரை மாற்றி எழுதினால் பொறுக்க மாட்டேன். 2005 ஆகஸ்டில், போலந்தின் தொழிலாளர் இயக்கமான சாலிடாரிட்டி தோன்றிய 25ஆம் ஆண்டில், அது பிறந்த கிடான்ஸ்க் கப்பல் கட்டும் தளத்திலேயே நிகழ்த்திய இசையும் தட்டாக வந்துள்ளது. இரும்பும் கிரேன்களும் சூழ்ந்த அந்த இடத்தில் பொறி இசை கேட்டவர்களுள் பொறிகளோடு வாழ்ந்தவர்கள் பலர் இருந்திருப்பார்கள் அல்லவா? அவர்கள் தட்டிய கையைக் காக்காவும் புரிந்துகொள்வார்கள்.

ரசிகர் என்னும் இனத்தைப் பற்றியும் ஒரு செய்தி. 1983இல் ழார் ஒரு தட்டை ஒரே ஒரு படிமட்டும் அச்சிட்டு ஏலத்தில் விற்றார். மூலப் பதிவுகளை அழித்துவிட்டார். ஒரே ஒருமுறை லக்சம்பர்க் வானொலியில் ஒலிபரப்பச் செய்து, கேட்பவர்கள் தாராளமாகப் பதிந்துகொள்ளலாம் என்று அவரே அழைப்பும் விடுத்தார். அன்று வானொலியின் கரகரப்போடு கேசட்டில் பிடித்துவைத்தவர்களால்தான் அவ்விசை இன்றும் உலவுகிறது. ஏட்டுச் சுவடியைப் படியெடுத்துக் காத்த நம் முன்னோரை நான் நினைத்துக்கொள்வேன். கரையான் அரித்த இடங்கள் இரண்டிலும் உண்டு.

பொறி தானே வாசிக்கிறது என்ற பழிக்கும் ழார் ஒருநாள் விடை சொன்னார். 2007இல், 'ஒக்சிழேன்' முழுவதையும் பழைய சிந்தசைசர்களைக் கொண்டே, முன்பதிவுத் தடம் ஏதுமின்றி, கணிப்பொறியின் துணையுமின்றி, நான்கு பேராகக் கையால் வாசித்துப் பதிந்து வெளியிட்டார். முழுக்க முழுக்க உண்மையான வாசிப்பு. படமும் உண்டு; நால்வரும் ஒருவரையொருவர் பார்த்துத் தலையசைத்துக் கொள்வதைக் காணலாம். குறை கூற ஒன்றுமில்லை. ஆனால் அங்கே கேட்போர் எவருமில்லை! நால்வர் வாசித்து முடிக்கிறார்கள், பிறகு அமைதி. தோசை சுடச்சுடத்தான் இருக்கிறது. பந்தியில் ஆளைக் காணோம். நோய்த்தொற்றுக் காலமான 2020 டிசம்பர் 31 இரவு பாரிசின் நோத்ர தாம் பேராலயத்தைக் கணிப்பொறியில் உருவாக்கி அதற்குள் அவர் நிகழ்த்திய இசைக்கும் இதே நிலைதான். உலகெங்கும் இலட்சக்கணக்கானோர் கண்டனர் என்பர். கண்டவர்கள் அவரவர் வீட்டில் இருந்தார்கள்.

காக்கா 2009இல் ஊருக்கே திரும்பிவிட்டார்கள். முப்பதாண்டு. வாப்பாவும் உம்மாவும் அதற்குமுன்பே மறைந்துவிட்டனர். வந்த சில ஆண்டுகளில், தொலைபேசியில் பேசினால் அவர்கள் திரும்பத் திரும்ப "என்ன? என்ன?" என்று கேட்கத் தொடங்கியதைக் கவனித்தோம். காது மருத்துவர் வரைபடம் ஒன்றைக் காட்டினார். நீண்ட காலம் பேரிரைச்சலில் உழைப்பவர்களுக்கு முதலில் பழுதாவது நொடிக்கு 4000 அதிர்வுகளை ஒட்டிய கூரிய ஒலிகளைக் கேட்கும் ஆற்றலாம். காதின் உள்ளே இருக்கும் நுண்மயிர்ச் செல்கள் ஒருமுறை அழிந்தால் மீண்டும் முளைப்பதில்லை. தாழ்ந்த ஒலிகள் நெடுநாள் நிலைத்திருக்கும். "காதடைப்பான் கொடுக்கவில்லையா?" என்று கேட்டேன். "கொடுத்தாக. வேர்த்து ஊத்தும், கழட்டிப் போட்டுருவோம்" என்றார்கள். காதுக்கருவி வாங்கிக் கொடுத்தோம். அதை மாட்டினால் அடுக்களையில் கரண்டி விழுந்தாலும் தலைக்குள் குத்துகிறது என்று இழுப்பறையில் போட்டுவிட்டார்கள்.

சென்ற டிசம்பரில் விடுமுறைக்கு ஊர் சென்றிருந்தேன். ராத்தாவும் வந்திருந்தார்கள். பழைய கேசட்டு எப்போதோ நாடா பிசுபிசுத்து ஒட்டிப்போயிற்று. ராத்தாவின் மகன் தன் கைப்பேசியில் 'சீனக் கச்சேரி'யைத் தேடியெடுத்து, சிறிய ஒலிபெருக்கி ஒன்றில் இணைத்து, காக்காவின் சாய்வு நாற்காலி அருகில் வைத்தான். காக்கா கண்களை மூடிக்கொண்டார்கள். தாழ்ந்த சுரங்கள் அதிர அதிர, நாற்காலிக் கையில் அவர்கள் விரல்கள் தாளமிட்டன. நாற்பதாண்டுக்குப் பின்னும் ஓரிடம்கூடத் தவறவில்லை. முதற்பாட்டு, இரண்டாம் பாட்டு.

கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார்கள்.

"நல்லாத்தான் இருக்கு தம்பி. ஆனா, புதுசாப் போடும்போது ஆளுகளை எடுத்துட்டானுகளோ?"

நான் ஒலிபெருக்கியைப் பார்த்தேன். கைதட்டல் கூடம் நிறையப் பெய்துகொண்டிருந்தது. அடுக்களை வாசலில் ராத்தா சிரித்த முகத்தோடு, மாடியைச் சுட்டிக் காட்டியபடி நின்றார்கள். காக்கா கேட்டது அவர்கள் காதில் விழவில்லை.

"இல்லே காக்கா, இருக்காங்க" என்றேன், உரத்து.

"இருக்காங்களா? எப்போ?"

"இதோ, இப்போ."

அவர்கள் தலையைச் சாய்த்து ஒருக்களித்துக் கேட்டார்கள். நெற்றி சுருங்கியது. பிறகு, "பாட்டு முடிஞ்சு அவுக தட்டும்போது எனக்குச் சொல்லு" என்றார்கள்.

அடுத்தது வள்ளப் பாட்டு. நாற்காலி அருகில் தரையில் அமர்ந்து, அவர்கள் முழங்கால்மீது என் கையை வைத்துக்கொண்டேன். நரம்புகள் ஒவ்வொன்றாக அடங்கின. அரங்கம் ஒரு நொடி தயங்கியது. மழை தொடங்கியதும் விரல்களால் மெல்லத் தட்டினேன். காக்கா தலையசைத்துக்கொண்டே இருந்தார்கள். ஓய்ந்தபோது நானும் ஓய்ந்தேன்.

"நிறையப் பேரா?"

"நிறையப் பேர் காக்கா."

"சரி, அடுத்ததை விடு" என்றார்கள்.